நிழல் என்ற பெயருக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

ஓய்வு பெற்ற பிறகு மதியத் தூக்கம் எனக்கு ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது. சாந்தோமில் எங்கள் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் படுத்தால் போதும், காற்றே இமையை மூடிவிடும். அந்த அரைத் தூக்கத்தில் எனக்கு மனிதர்கள் வருவதில்லை. பெயர்கள் வருகின்றன. நான் வைத்த பெயர்கள், என்னோடு வேலை பார்த்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர்கள். ஒன்றும் கேட்காமல் சற்று நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே போய்விடும்.

அப்படி ஒரு மதியம் நவீன் போன் செய்தான். மந்தைவெளி ஆபீஸில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

"மேடம், தூங்கினு இருந்தீங்களா?"

"இல்லப்பா. சொல்லு."

"பேர்ப் பூட்டு எர்ரர் மேடம். கபீர்னு ஒருத்தரோட பேர்னு வருது. அவரைக் கேக்கச் சொல்லுது. யார் மேடம் அது கபீரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கபீர் துபாய்க்குப் போய்ப் பல காலம் ஆகிறது. அவன் பெயர்களை எல்லாம் என்னிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போனான். "நான் அனுமதி கொடுத்துட்டேன்னு வெச்சுக்க, திற," என்றேன். நவீனுக்கு அதுவே வேடிக்கையாக இருந்தது. புது மென்பொருள் வரப்போகிறதாம். அது எல்லாப் பெயரையும் தானே மாற்றிக்கொள்ளும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம் என்றான். "பூட்டை எடுக்கறதுக்கு முன்னாடி, அது எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க மேடம்," என்றான். அதனால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு இதெல்லாம் சோம்பேறித்தனம்.

எங்கள் ஆபீஸ் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குக் கணிதப் புத்தகங்களைப் பக்கம் கோத்துக் கொடுக்கும் இடம். மூன்றாவது மாடி. பறக்கும் ரயில் எங்கள் ஜன்னலுக்கு நேராகப் போகும். ரயில் கடக்கும்போது அதில் நிற்பவர்கள் ஒரு நொடி எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களைப் பார்ப்போம். நான் டைப் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தேன். கொஞ்ச காலம் திருத்தம் போட்டேன், கொஞ்ச காலம் அட்டவணை கட்டினேன், பிறகு மேக்ரோ எழுத உட்கார வைத்துவிட்டார்கள். தொழில் கற்றுக்கொண்ட காலம் அவ்வளவுதான்.

மேக்ரோ என்பது ஒரு சுருக்கப் பெயர். பத்து வேலையை ஒரு பெயருக்குள் போட்டு வைத்துவிட்டால், அடுத்த முறை பெயரைச் சொன்னால் போதும், பத்தும் நடக்கும். என் அம்மாவுக்கு இதை விளக்கப் பார்த்தேன்.

"இன்னாடி வேலை அது?"

"பேர் வைக்கிற வேலைம்மா."

"அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறானுங்களா?" என்றாள். அவளுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை.

ஒரு புத்தகத்துக்குள் பலருடைய பெயர்கள் வரும். முதலில் ஆபீஸ் ஃபைல் லோடு ஆகும், அடுத்துப் பதிப்பகத்தின் ஃபைல், கடைசியில் புத்தகத்தை எழுதியவரின் ஃபைல். இருவர் ஒரே பெயரை வைத்திருந்தால், பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவார். நூறு பக்கம் தாண்டி எங்கோ ஒரு குறி காணாமல் போகும், யாருக்கும் காரணம் தெரியாது. இதற்காகத்தான் எங்கள் தலைவர் தயாளன் சார் பூட்டு போட்டார். ஏற்கெனவே இருக்கிற பெயரை இன்னொருவர் எடுக்கப் பார்த்தால், ஃபைல்களைப் பக்கங்களாக்கும் ஓட்டமான கம்பைல் அங்கேயே நின்றுவிடும். திரையில் ஒரு வரி வரும்: இந்தப் பெயர் இன்னாருடையது, அவரைக் கேட்கவும்.

தயாளன் சார் மந்தைவெளியிலேயே பிறந்து வளர்ந்தவர். எர்ரர் வந்தால் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து நம் முதுகுக்குப் பின்னால் உட்காருவார். விசைப்பலகையைத் தொடவே மாட்டார். யார் தப்பு செய்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. "யாரோட பேரும்மா இது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சொன்னதும், "போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா," என்பார். நாம் எழுந்து அந்த ஆளின் இடத்துக்கு நடக்க வேண்டும். அனுமதி கிடைத்தால்தான் பூட்டைத் திறக்கலாம். ஆபீஸ் முழுக்க எங்களைக் கிண்டல் செய்வார்கள். மேக்ரோக்காரர்கள் வீட்டில் சட்டையைக்கூடக் கேட்டுத்தான் போடுவார்கள் என்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் கடைசி நாள் சமோசா டீயோடு, "என் பேரெல்லாம் இனிமே இவங்களோடது," என்று ஒருவரைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். என்னிடம் அப்படி நிறையப் பேருடைய பெயர்கள் சேர்ந்தன. ஒருத்தி கல்யாணமாகி மதுரைக்குப் போனாள், ஒருவர் பையனோடு அமெரிக்காவுக்குப் போனார். ஆட்கள் போன பிறகும் அவர்களுடைய பெயர்கள் என் கையில் வேலை செய்துகொண்டிருந்தன. அது எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லத் தயங்கவில்லை.

பூட்டைத் திறந்த பிறகும் ஒரு நடைமுறை உண்டு. பழைய பொருளை, அதாவது அந்தப் பெயர் அதுவரை செய்துவந்த வேலையை, முதலில் வேறு பெயரில் குடிவைக்க வேண்டும். பிறகு புதுப் பொருளை எழுதி, அது தன் வேலையை முடித்துவிட்டுப் பழையதையும் கூப்பிடும்படி செய்ய வேண்டும். கபீர் ஒருமுறை இப்படித்தான் அழகாக எழுதினான். ஆனால் அந்த ஃபைலை இரண்டு முறை லோடு செய்துவிட்டான். இரண்டாம் முறை, பழையது என்று எண்ணி அவன் குடிவைத்தது புதியதையே. அது பழையதைக் கூப்பிடப் போய்த் தன்னையே கூப்பிட்டது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"சார், மெஷின் தூங்கிடுச்சு," என்றான் கபீர்.

தயாளன் சார் பின்னால் உட்கார்ந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தூங்கலைப்பா. தன்னையே கூப்டுகினு கீது. பாவம், நிறுத்து," என்றார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. எனக்கும் அன்று மனசு என்னவோ செய்தது.

இனி அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாறில் ஒரு கணவனும் மனைவியும், இருவரும் கணிதப் பேராசிரியர்கள். அவர் அனந்தராமன், அந்த அம்மாள் சாரதா. இருவரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுத ஒப்புக்கொண்டார்கள். முதல் பாதி அத்தியாயங்கள் அந்த அம்மாளுடையவை, பின்பாதி அவருடையவை. எழுதி முடித்த கையோடு சாரதா அம்மாள் நோயில் படுத்து இறந்துபோனார். அவர் பெயரில் வேறு புத்தகம் கிடையாது. இதுதான் முதலும் கடைசியும். பதிப்பகத்தாரோ ஏற்கெனவே பொறுமை இழந்திருந்தார்கள். அடுத்த ப்ரூஃபுக்குப் பேராசிரியர் ஒப்புதல் கொடுக்காவிட்டால் புத்தகத்தைக் கைவிடுவதாக எங்களுக்கு எழுதிவிட்டார்கள். பேராசிரியர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அவ எழுதினதுல யாரும் கை வைக்காதீங்கோ."

முதல் கம்பைலிலேயே பூட்டு விழுந்தது. திரையில் வந்ததை இன்றும் அப்படியே சொல்ல முடியும்: நிழல் என்ற பெயர் சாரதாவுடையது, அவரைக் கேட்கவும்.

ஒன்றை இன்னொன்றின் மேல் விழவைப்பதைக் கணிதத்தில் ஒரு குறியால் காட்டுவார்கள். அந்த வீட்டில் அதை நிழல் என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். இருவரும் அதே பெயரில் ஆளுக்கொரு மேக்ரோ வைத்திருந்தார்கள். அந்த அம்மாளுடையது எழுத்துக்குக் கீழே சிறிய கோடு போடும். அவருடையது எழுத்துக்கு மேலே தொப்பி வைக்கும். பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

தயாளன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பதில் திரையிலேயே இருந்தது. ரயில் ஒன்று போயிற்று. பிறகு பேராசிரியருக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், அம்மாவோட ஃபைல்ல ஒரு பேரை மட்டும் வேற பேரா மாத்திக்கலாமா? அச்சுல ஒண்ணும் தெரியாது. கோடு கோடாவேதான் வரும்."

"அது அவளோடது. அத மாத்த நான் யாரு?"

"அப்போ உங்க ஃபைல்ல மாத்திக்கட்டுமா சார்?"

"நான் எதுக்கு மாத்தணும்?" என்று சுள்ளென்று வந்தது பதில். பிறகு குரல் தணிந்தது. "அவளும் இதத்தான் கேட்டுண்டே இருந்தா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இன்னொரு வழி இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான்கு சுவருக்குள் அடைத்து, அதற்குள் மட்டும் அந்தந்தப் பொருள் செல்லும்படி செய்துவிடலாம். ஆனால் தயாளன் சாரின் பூட்டு சுவருக்குள்ளும் விடாது. அவ்வளவு கண்டிப்பாக அவர்தான் எழுதியிருந்தார். பூட்டைத் திறக்கச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும்.

"சார், அந்த அம்மா உயிரோடவே இல்ல. யாரைப் போய்க் கேக்கறது? திறந்துடலாம் சார்," என்றேன். எனக்குக் கோபம். ஒரு புத்தகமே போய்விடும் நிலையில் இவர் மரியாதை பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று.

"ஆள் இல்லைன்னா எடுத்துக்கலாம்னு யாரு சொன்னது பிலோமினா?" என்றார். என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அவர் செய்தது இதுதான். பூட்டைத் திறக்கவில்லை. பூட்டு விழுந்தாலும் கம்பைல் நிற்காமல், ஒரு குறிப்பை எழுதிவிட்டு மேலே போகும்படி செய்தார். யார் பெயரிலும் கை வைத்ததாக ஆகாது, வேலையும் ஓடும் என்று நினைத்திருக்கிறார். அவரே சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். ஓடியது. பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஓரம், வரி, எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தோம். கணிதத்துக்குள் எங்களில் யாரும் போகவில்லை. ப்ரூஃப் அடையாறுக்குப் போயிற்று.

நிற்காத பூட்டும் பூட்டுத்தான் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. முதலில் வந்தவரின் பொருளை அது விடாமல் காத்துக்கொண்டு நின்றது. சாரதா அம்மாளின் ஃபைல்தான் முதலில் லோடு ஆனது. பேராசிரியரின் மேக்ரோ உள்ளே வரப் பார்த்தது, பூட்டு அதை வாசலிலேயே திருப்பி அனுப்பியது, எங்கோ ஒரு மூலையில் குறிப்பை எழுதிவிட்டுப் போயிற்று. அவருடைய அத்தியாயங்களில் ஒரு இடத்திலும் தொப்பி இல்லை. எல்லா எழுத்துக்கும் கீழே மனைவியின் கோடு.

போன் வந்தபோது தயாளன் சார்தான் எடுத்தார்.

"என் அத்தியாயத்துல அவ கோடு வந்திருக்கு. யார் போட்டது?"

தயாளன் சாரின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் வேலையில் தப்பு வந்து நான் கண்டதே இல்லை. "தப்பு எங்களோடதுதான் சார். பேர்ப் பூட்டு நிக்காதபடி மாத்தி ஓட்டிட்டோம். இன்னிக்கே உங்க தொப்பிய வெச்சுடறோம்," என்றார்.

"ஒண்ணும் பண்ணாதீங்கோ. நான் கார்த்தால வரேன்."

அவ்வளவுதான், புத்தகம் போயிற்று என்று நாங்கள் இருவரும் முடிவே கட்டிவிட்டோம். அந்த அம்மாளுக்கு வேறு புத்தகம் இல்லையே என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அவரை நான் பார்த்ததுகூடக் கிடையாது. அவருடைய ஃபைலை மட்டும்தான் தெரியும். சுத்தமான கை, ஒரு இடத்தில்கூட வீண் வரி இருக்காது. அப்படி எழுதுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு.

மறுநாள் காலை அனந்தராமன் ஆட்டோவில் வந்து, மூன்று மாடியும் ஏறினார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் ப்ரூஃப். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ தூக்கத்தில் நடந்து வந்தவர் மாதிரி இருந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். பக்கத்து மண்டபத்தில் ஏதோ கல்யாணம். நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ப்ரூஃபைத் திறந்து ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தார். ஆங்கிலத்தின் சின்ன ஒய்.

"இந்த எழுத்துக்கு வால் இருக்கு பாருங்கோ. கீழ கோடு போட்டா வால்ல இடிக்கும். அதனாலதான் கோடு வேண்டாம், தொப்பி போடுன்னு அவகிட்ட தலப்பாடா அடிச்சுண்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே சண்டை. ரெண்டு பேர் ஃபைலையும் சேர்த்து எங்காத்துல ஓட்டினா, நாங்க எழுதற முறையில, பேர் ஏற்கெனவே இருக்குன்னு மெஷின் நின்னுடும். உடனே அவ சிரிப்பா. பாருங்கோ, மெஷினே சொல்றது, நான்தான் முதல்லன்னு."

"சார், சாயந்திரத்துக்குள்ள மாத்திடறோம்," என்றார் தயாளன் சார்.

"அதுக்கு வரலை. இடிக்கலையே, பார்த்தேளா? வால் இருக்கிற எழுத்துக்கெல்லாம் கோடு கொஞ்சம் கீழ இறங்கி, கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நிக்கறது. மத்த எழுத்துக்கெல்லாம் ஒட்டினாப்ல இருக்கு. ராத்திரி பூரா ஒவ்வொரு பக்கமா பார்த்தேன். ஒரு இடத்துலகூட இடிக்கலை. இத யார் இறக்கினா? நீங்களா?"

தயாளன் சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி மறுத்தேன்.

"நாங்க தொடலை சார்," என்றார். "பிலோமினா, அம்மாவோட ஃபைலைத் திறம்மா."

திறந்தேன். நிழல் என்ற பெயர் தொடங்கும் இடத்துக்குப் போனேன். அந்த இடத்தை அதுவரை நான் நின்று படித்ததில்லை, எதிர்பார்த்தது ஒரே வரி. அங்கே இரண்டு கிளைகள் இருந்தன. கொடுத்த எழுத்தை முதலில் அளந்து பார்க்கிறது மேக்ரோ. வரிக்குக் கீழே இறங்காத எழுத்தானால், கோட்டை ஒட்டிப் போடு. இறங்கும் எழுத்தானால், இறங்கிய அளவுக்குக் கோட்டையும் இறக்கி, வாலுக்கு வழிவிட்டு நகர்த்திப் போடு. இரண்டாவது கிளைதான் நீளம். எத்தனையோ தடவை அடித்து அடித்துத் திருத்தியது போல அளவுகள் நுணுக்கமாக இருந்தன.

பேராசிரியர் குனிந்து படித்தார். அவருக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. படித்துவிட்டு நிமிர்ந்தவர், மறுபடி குனிந்து படித்தார்.

"அவ ஃபைலை நான் திறந்ததே இல்லை," என்றார். "அவ அத்தியாயத்தத் தேடிப் பாருங்கோ. எங்கயாவது இந்த ரெண்டாவது கிளை ஓடறதா?"

தேடினேன். சாரதா அம்மாளின் அத்தியாயங்களில் நிழல் விழும் எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்துகள். ஒன்றுக்குக்கூட வால் கிடையாது. அந்த நீளமான கிளை அவருடைய பக்கங்களில் ஒருமுறைகூட ஓடவே இல்லை.

"இல்லை சார். ஒரு இடத்துலயும் இல்லை."

"இருக்காது. வால் எல்லாம் என்னோட எழுத்துக்குத்தான்," என்றார். "எனக்குன்னு எழுதி வெச்சிருக்கா. என் வாயால கேக்கட்டும்னு சும்மா இருந்திருக்கா. நான் கேக்கவே இல்லை." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன், உட்கார்ந்தார். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

தயாளன் சார் மெல்லக் கேட்டார். "எப்படி வெக்கட்டும் சார்? உங்க பேரு, நீங்க சொன்னாதான் தொடுவோம்."

"என்னோடத எடுத்துடலாம். நானே எடுக்கறேன்."

தன் ஃபைலைத் திறந்து, தொப்பி வைக்கும் அந்த வரியைத் தேடிப் பிடித்து, எழுத்து எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தார். ஒரே அடியில் அழித்திருக்கலாம். அழித்து முடித்ததும் கையை எடுத்துக்கொண்டார். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு எங்களிடம் கொடுத்தார். புத்தகம் வரும் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. தயாளன் சார் தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

பேராசிரியர் கிளம்பவில்லை. "பூட்டைப் பழையபடி ஆக்கிட்டு ஓட்டுங்கோ," என்றார்.

நிற்கும் பூட்டாக மாற்றிவிட்டு ஓட்டினேன். சாரதா அம்மாளின் ஃபைல் லோடு ஆயிற்று, அவருடையது லோடு ஆயிற்று, பக்கங்கள் ஓடத் தொடங்கின. பேராசிரியர் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம்வரை வந்து நின்றது.

"அவளோடதுன்னு ஒண்ணும் சொல்லலையே?"

"இனிமே சொல்லாது சார். அந்தப் பேர் இப்ப ஒருத்தரோடதுதான்."

அவர் தலையாட்டினார். எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழவில்லை.

"இன்னொரு தடவை ஓட்டுங்கோ," என்றார்.